பதினோராம் எண் கூண்டு

தனுஷ்கோடியைப் பற்றி ஒரு கவிதையாவது எழுதாதவர்கள் நம் வட்டத்தில் குறைவு. சமீபத்தில் நண்பர் ஒருவர் அபிப்பிராயம் கேட்டு ஏழு கவிதைகள் அனுப்பியிருந்தார். கூரையில்லாத மாதா கோவில், மணலில் பாதி புதைந்த ரயில்நிலையச் சுவர், சுவரின் நிழலில் படுத்திருக்கும் நாய். 'வெறுமை', 'மௌனம்' என்ற இரண்டு சொற்களும் ஏழு கவிதைகளில் ஒன்பது இடங்களில் வருகின்றன. கவிதைகள் மோசமில்லை. படிமங்கள் சுத்தமாகவே இருக்கின்றன. என் சங்கடம் வேறு. இந்த ஏழிலும் ஒரு மனிதர்கூட இல்லை. 1964 டிசம்பர் 22 என்ற தேதி இல்லை. காற்றுகூட இல்லை. இடிபாடு மட்டும் இருக்கிறது, அது என்றைக்குமே இடிபாடாகத்தான் இருந்தது என்பதுபோல. நண்பருக்கு எழுதத் தொடங்கிய பதில் கடித அளவைத் தாண்டிவிட்டதால் அதை இங்கே தருகிறேன்.

தென்காசிக்காரனுக்கு இதைப் பற்றிப் பேச என்ன யோக்யதை என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. கடலைப் பார்க்க வேண்டுமானால் நாங்கள் கிழக்கே பஸ் ஏறிப் பாதி நாளைச் செலவழிக்க வேண்டும். எங்களுக்கு மழை என்றால் சாரல். ஆனி பிறந்துவிட்டால் ஊரில் இருவர் சந்தித்தால் முதல் கேள்வி, "சீசன் எப்படி?" என்பதுதான். பதினெட்டாம் நூற்றாண்டில் திரிகூடராசப்பக் கவிராயர் குறவஞ்சி பாடிய மலை இது. ரசிகமணி டி.கே.சி. கடைசிக் காலத்தில் வந்து உட்கார்ந்து, பாட்டை வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி ருசி பார்த்த ஊர் இது. இந்தப் பரம்பரையில் மழை ரசிக்கப்பட வேண்டிய பொருள். அதைப் பற்றிப் பயந்து பேசும் பாஷை எங்களிடம் வளரவே இல்லை.

குற்றாலத்துப் பேரருவியில் பொங்குமாகடல் என்று ஒன்று உண்டு. மேலிருந்து வரும் தண்ணீர் நேராக நம் தலையில் விழுவதில்லை. பாறை நடுவே ஆழமான ஒரு பள்ளத்தில் விழுந்து, நிரம்பி, வழிந்து, வேகம் தணிந்து பிறகு கீழே இறங்குகிறது. அதனால்தான் மனிதன் அதன் கீழ் தலைகாட்ட முடிகிறது. கலைக்கும் இப்படியொரு பொங்குமாகடல் வேண்டும் என்று கல்லூரி நாட்களில் ஒரு கொள்கையே வைத்திருந்தேன். அனுபவத்தின் மூர்க்கத்தை வாங்கி, தாங்கும் அளவுக்கு இறக்கித் தருவதுதான் வடிவம் என்று. இப்போதும் அதை முழுக்க விட்டுவிடவில்லை. ஆனால் அதற்கு ஓர் எல்லை இருக்கிறது என்பதைத் தீவில் தெரிந்துகொண்டேன்.

2018இல் எனக்கு ராமேஸ்வரம் தீவிலுள்ள ஒரு கிளைக்கு மாற்றல் வந்தது. மூன்று வருஷம் அங்கே இருந்தேன். முதலில் கற்றது ஒரு காற்றின் பெயர். ஆரியங்காவுக் கணவாய் வழியாக வந்து எங்களுக்குச் சாரலைத் தூவிவிட்டுப் போகிற தென்மேற்குக் காற்று அத்துடன் நின்றுவிடுவதில்லை. ஈரத்தை மலையில் இறக்கிவிட்டு, வறண்ட சமவெளியைக் கடந்து, காற்றாலைகளைச் சுற்றிவிட்டு மன்னார் வளைகுடாவில் போய் இறங்குகிறது. அங்கே அதன் பெயர் கச்சான். நாங்கள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஐந்தருவிக்குப் போகிற அதே நாட்களில், அங்கே நாட்டுப்படகுகள் கரையில் கிடக்கும், கடல் கலங்கி நிற்கும். காற்று ஒன்று, இலக்கியம் ஒன்றுக்குத்தான்.

இரண்டாவதாகக் கற்றது கூண்டு. பாம்பன் துறைமுக அலுவலகக் கம்பத்தில் பகலில் கூம்பும் உருளையுமாகவும், இரவில் சிவப்பு வெள்ளை விளக்குகளாகவும் ஏற்றுகிற அடையாளங்களைத்தான் ஜனங்கள் 'புயல் கூண்டு' என்கிறார்கள். எண்கள் ஒன்றிலிருந்து பதினொன்று வரை. ஆங்கில இலக்கியம் படித்தவனுக்கு எந்தக் காகிதத்தையும் ஒரு பிரதியாக வாசிக்கிற கெட்ட பழக்கம் உண்டு. இந்த எண்களின் விளக்கத்தையும் அப்படித்தான் வாசித்தேன். ஒன்றும் இரண்டும் தொலைவைச் சொல்பவை: தூரத்தில் புயல் உருவாகலாம், உருவாகிவிட்டது. மூன்றும் நான்கும் துறைமுகத்துக்கு ஆபத்து வரக்கூடும் என்பவை. ஐந்து, ஆறு, ஏழு ஆகியவை புயல் துறைமுகத்தை எந்தப் பக்கம் வைத்துக் கடக்கும் என்பதைச் சொல்லும்: இடம், வலம், நேர்மேல். எட்டு, ஒன்பது, பத்து ஆகியவை அதே மூன்றையும் கடும் புயலுக்குச் சொல்பவை. பத்தாம் எண் என்றால் கடும் புயல் தலைக்கு மேலேயே வருகிறது.

அதற்கு மேல் என்ன இருக்க முடியும்? பதினொன்று இருக்கிறது. அதன் பொருள்: வானிலை எச்சரிக்கை மையத்துடன் தொடர்பு அறுந்துவிட்டது, மோசமான வானிலையின் ஆபத்து இருப்பதாக உள்ளூர் அதிகாரி கருதுகிறார்.

முதல் பத்து எண்களும் காற்றைப் பற்றிப் பேசுகின்றன. பதினொன்று பேச்சைப் பற்றிப் பேசுகிறது. இனி எனக்கு எந்தச் செய்தியும் வராது, என் கண்ணுக்குப் பட்டதைச் சொல்கிறேன் என்கிறது. இதை வகுத்தவருக்குக் கவிதையில் நாட்டம் இருந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் உச்ச அபாயம் புயலின் வேகத்தில் இல்லை, தொடர்பு அறுவதில் இருக்கிறது என்ற ஞானம் அந்த வரிசையில் இருக்கிறது. 'மௌனம்' என்ற சொல்லை நாம் எவ்வளவு சொகுசாகப் பயன்படுத்துகிறோம் என்று அன்று யோசித்தேன்.

1964ஐ இந்தப் பதினோராம் எண்ணை வைத்து வாசித்துப் பாருங்கள். டிசம்பர் 17ஆம் தேதி அந்தமான் கடலின் தெற்கே தாழ்வு மண்டலமாகத் தொடங்கியது. 22ஆம் தேதி இலங்கையின் வடபகுதியை, வவுனியாவை ஒட்டிக் கடந்தது. அன்றிரவு தனுஷ்கோடியில் ஏறியது. ஆக, இங்கே வந்தபோது அதற்கு ஐந்து நாள் வயது. ஏற்கெனவே ஒரு தீவை மிதித்துவிட்டு அடுத்த தீவுக்கு வந்திருக்கிறது. நம் இடிபாட்டுக் கவிதைகள் எதுவும் இதுவரை அந்த ஜலசந்தியைத் தாண்டியதாக எனக்கு ஞாபகமில்லை. சென்னையிலிருந்து கொழும்புக்குப் போகிறவன் தனுஷ்கோடியில் ரயிலை விட்டு இறங்கித் தலைமன்னாருக்குக் கப்பலேறிய காலம் அது. இரண்டு கரையும் ஒரே டிக்கெட்டில் இருந்தன.

அன்றிரவு 11.55க்குப் பாம்பனிலிருந்து கிளம்பியது 653ஆம் எண் பாசஞ்சர். 110 பயணிகள், 5 ஊழியர்கள் என்பது கணக்கு. டிக்கெட் வாங்காதவர்களைச் சேர்த்தால் இன்னும் கூடும் என்பார்கள். தனுஷ்கோடி நிலையத்துக்குச் சில நூறு கஜம் இருக்கும்போது கைகாட்டி தெரியவில்லை என்றும், டிரைவர் கொஞ்சநேரம் நிறுத்திப் பார்த்துவிட்டு நீளமாக விசில் ஊதி வண்டியை நகர்த்தினார் என்றும் தீவில் சொல்கிறார்கள். அலை மொத்த வண்டியையும் எடுத்துக்கொண்டது. ஒருவரும் பிழைக்கவில்லை. இருட்டில் பதில் தராத கைகாட்டி: பதினோராம் எண்ணுக்கு இதைவிடத் துல்லியமான உருவம் எனக்குத் தெரியாது. புயலில் இறந்தவர்கள் மொத்தம் ஆயிரத்து எண்ணூறு பேர் வரை என்று சொல்லப்படுகிறது. பாம்பன் பாலத்தின் 145 கண்களில் 126 போயின. பாலத்தை 46 நாளில் சரிசெய்தார்கள். அது இந்தியப் பொறியியலின் பெருமைகளில் ஒன்று. தனுஷ்கோடியை மட்டும் மனிதர் வசிக்கத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. ராமேஸ்வரத்துக்கு அப்பால் தண்டவாளம் திரும்பப் போடப்படவில்லை. இந்த இரண்டு முடிவுகளுக்கும் நடுவில்தான் நம் கவிதைகளில் வரும் சுவர் நின்றுகொண்டிருக்கிறது.

2020 டிசம்பர் முதல் வாரம். புரெவி என்று பெயரிடப்பட்ட புயல் திருகோணமலைப் பக்கம் இலங்கையில் ஏறி எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. பாம்பனில் கூண்டு ஏறிவிட்டது. நான் கவுண்ட்டரில் இருந்தேன். தீவில் கூண்டு ஏறினால் கடலுக்குப் போக மீன்துறை டோக்கன் தராது. டோக்கன் இல்லையென்றால் படகு இல்லை. படகு இல்லையென்றால் அன்றைக்குப் பணம் இல்லை. இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ பெண்கள் வங்கிக்கு வர ஆரம்பிப்பார்கள். முந்தானையில் முடிந்த தோடு, கழற்றின சங்கிலி. மூன்று வருஷத்தில் நான் கவனித்தவரை, நகைக்கடன் கணக்கைப் பார்த்தே கம்பத்தில் கூண்டு இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடலாம். வானிலை இலாகாவிடம் இல்லாத ஒரு காற்றழுத்தமானி எங்கள் கிளையில் இருந்தது.

அன்று வந்தவர்களில் ஒரு மூதாட்டி. பெயர் வேண்டாம். சின்ன வயதில் தனுஷ்கோடியில் இருந்தவர் என்று எனக்கு முன்பே தெரியும். நகை எடை போடுகிற நேரத்தில் பேச்சுக்காகக் கேட்டேன், "புயல் வருதுங்காங்களே, அந்தக் கரையில சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிரலாமே, பாட்டி?"

"சொல்லுவாக தம்பி. சொல்றது அவுக வேல. நாங்க எங்கிட்டுப் போக? இங்கிட்டு ஆண்கடலு, அங்கிட்டுப் பெண்கடலு. நடுவுல கெடக்குற மண்ணு நாங்க."

மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண்கடல் என்றும் அங்கே சொல்வது வழக்கம். பிறகு நான் கேட்காமலேயே அவர் சொன்னது இது. அறுபத்துநாலில் அவருக்குப் பத்து வயது. அவருடைய அப்பா அன்றிரவு வாசலில் உட்கார்ந்து காற்றைக் கவனித்துக்கொண்டே இருந்தாராம். ஒரு கட்டத்தில் "காத்து திரும்புது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு மணல்மேட்டுக்கு ஓடினாராம்.

"ஆத்தா, கோழியப் புடிச்சிட்டு வந்துர்றேன்னு நின்னுச்சு. அம்புட்டுத்தேன்."

அதற்குள் எடை போட்டு முடிந்துவிட்டது. "கிராமுக்கு எம்புட்டுத் தம்பி குடுப்பீக?" என்று கேட்டார். சொன்னேன். தலையாட்டிவிட்டுக் கைநாட்டு வைத்தார்.

இந்தக் கோழியைப் பற்றித்தான் நான் எழுத விரும்புவது. சுலபமாக இதை ஒரு பரிதாபமாக்கிவிடலாம். ஒரு கோழிக்காக உயிரைவிட்ட பேதைப் பெண் என்று ஒரு சிறுகதைகூடச் செய்யலாம். நம்மிடம் அதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் நான் கவுண்ட்டருக்கு இந்தப் பக்கம் இருப்பவன். எனக்குத் தெரிந்தவரையில் அந்தக் கோழிதான் அந்த வீட்டின் வங்கி. அடுத்த நாள் விடிந்தால் கையிலிருக்கப்போகிற ஒரே முதல் அது. எச்சரிக்கைக்குக் கீழ்ப்படிவதற்கு ஒரு விலை இருக்கிறது. அந்த விலையை எச்சரித்தவர் கொடுப்பதில்லை, கேட்டவர் கொடுக்கிறார். 1964இல் அது ஒரு கோழி. 2020இல் இரண்டே கால் பவுன் சங்கிலி.

கான்ராட்டின் 'டைஃபூன்' 1902இல் வெளியானது. அதில் வரும் காப்டன் மக்விர், காற்றழுத்தமானி இறங்கிக்கொண்டே போகையில் புயல்களைப் பற்றிய புத்தகத்தை எடுத்து அந்த அத்தியாயத்தைப் படிக்கிறார். படித்துவிட்டுக் கப்பலை நேராகவே விடுகிறார். சுற்றிப் போனால் நிலக்கரி அதிகம் செலவாகும். சந்திக்காத புயலைக் காட்டி முதலாளிக்கு எப்படிக் கணக்குச் சொல்வது என்பது அவர் கேள்வி. வகுப்பில் இதற்குச் சிரித்தோம். கற்பனை இல்லாத மனிதன் என்று பேராசிரியர் விளக்கினார், பரீட்சையில் நாங்களும் அப்படியே எழுதினோம். கான்ராடும் ஓரளவுக்கு அதைத்தான் சொல்கிறார். ஆனால் மக்விரின் கேள்வி முட்டாள்தனமானதல்ல. தவிர்க்கப்பட்ட புயலுக்குச் சாட்சியம் இல்லை, செலவு மட்டும்தான் மிஞ்சுகிறது. புரெவி மன்னார் வளைகுடாவுக்கு வந்து வலுவிழந்து, நகராமல் நின்று மழையாகவே தீர்ந்துபோனது. தீவு பிழைத்தது. "பெரிசா ஒண்ணும் வரலியே" என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். அந்தச் சங்கிலியை மீட்க ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆயிற்று. மக்விருக்காவது வேறு வழியில் போகக் கடல் இருந்தது. இவர்களுக்கு நடுவில் கிடக்கும் மண்தான்.

நண்பரின் கவிதைகளோடு என் வழக்கு இங்கேதான். வெற்றிபெற்ற எச்சரிக்கை இடிபாட்டை விட்டுவைப்பதில்லை. தப்பித்தவர்கள் படிமமாவதில்லை. அழிந்ததை மட்டுமே பார்க்கிற ரசனை, அழிவுக்கு முந்தைய சில மணி நேரத்தைப் பார்ப்பதில்லை. செய்தி எங்கே வந்து நின்றது, யார் காதில் விழுந்தது, விழுந்தவரால் என்ன செய்ய முடிந்தது என்ற கேள்விகள் அதற்குள் வருவதே இல்லை. மனித நாடகம் முழுக்க அந்தச் சில மணி நேரத்தில் இருக்கிறது.

2017 நவம்பர் 29ஆம் தேதி இலங்கைக்குத் தெற்கே தாழ்வு மண்டலமாக இருந்தது, மறுநாளே குமரிக் கடலில் ஒக்கி என்ற புயலாகிவிட்டது. பெயர் வங்கதேசம் கொடுத்தது. வங்காளியில் 'கண்' என்று பொருள். அந்தக் கண் திறந்த வேளையில் தூத்தூர், வள்ளவிளைப் பகுதி ஆழ்கடல் மீனவர்கள் கரையை விட்டுப் பல நாட்களாகியிருந்தன. கரையிலிருந்து வயர்லெஸ் எட்டும் தூரத்தை எப்போதோ தாண்டியிருந்தார்கள். கடலுக்குப் போகாதீர்கள் என்ற வாக்கியம், ஏற்கெனவே போய்விட்டவனுக்கு எந்த வேற்றுமையில் பொருள் தரும்? பலர் திரும்பவேயில்லை. அறிக்கையில் பிழையில்லை, இலக்கணத்தில் பிழையில்லை. முன்னிலை மட்டும் அங்கே இல்லை.

இதற்கு மாறான ஒன்றும் நடந்திருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். 2023 டிசம்பர் 17. நான் தென்காசிக்குத் திரும்பி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. தென்மாவட்டங்கள் மொத்தமும் மழையில் நின்றது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். அது புயல்கூட இல்லை. குமரிக் கடல்மேல் ஒரு காற்றுச் சுழற்சி, அவ்வளவுதான். அதனால் அதற்கு எந்த நாடும் பெயர் வைக்கவில்லை. அன்றிரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தப்பட்டது. முன்னால் தண்டவாளத்தின் அடியிலிருந்த ஜல்லியை வெள்ளம் அரித்துக்கொண்டு போயிருந்தது. ஏறத்தாழ எண்ணூறு பேர் நிலையத்திலும் பக்கத்துப் பள்ளிக்கூடத்திலுமாக இரண்டு நாள் தத்தளித்தார்கள். பசி, இருட்டு, கைக்குழந்தைகள் என்று பத்திரிகைகள் எழுதின. எழுத வேண்டியதுதான். ஆனால் 653ஐ மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் நடந்தது என்ன? ஒரு செய்தி நேரத்துக்கு வந்து சேர்ந்தது, கேட்டவருக்கு நிறுத்தும் அதிகாரம் இருந்தது, நிறுத்தினார். எண்ணூறு பேர் பசியோடு உயிரோடிருந்தார்கள். இதைப் பற்றி இதுவரை ஒரு கவிதையும் என் கண்ணில் படவில்லை.

குற்றாலத்துக்கு வருகிறேன். 2024 மே 17, சீசனுக்கு இன்னும் நாள் இருந்தது. பழைய குற்றாலத்தில் குளித்துக்கொண்டிருந்தவர்கள்மேல் திடீரென்று காட்டாற்று வெள்ளம் இறங்கியது. பதினேழு வயதுப் பையன் ஒருவன் போய்விட்டான். வெள்ளம் வருமுன் தண்ணீர் நிறம் மாறும், மண் வாசனை அடிக்கும், சருகும் சுள்ளியும் வர ஆரம்பிக்கும். அருவிக்கரைக் கடைக்காரர் அதைப் பார்த்த மாத்திரத்தில் கத்துவார். ஆனால் வெளியூர்ப் பையனுக்கு அருவி என்பது சந்தோஷத்தின் பெயர். நாம்தான் அப்படிச் சொல்லி வைத்திருக்கிறோம், குறவஞ்சிக் காலத்திலிருந்து.

எங்கள் பாஷையிலும் ஒரேயொரு கூண்டு எண் உண்டு. பேரருவிக்கு முன்னால் உள்ள பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் விழுந்தால், "ஆர்ச்சைத் தாண்டி விழுது" என்பார்கள். அதன் பிறகு யாரும் குளிக்கப் போவதில்லை. அந்த மூன்று சொல்லில் அழகும் இருக்கிறது, பயமும் இருக்கிறது. பொங்குமாகடல் தாங்குகிற வரைக்கும் அருவி, அது மூழ்கியபின் வேறொன்று என்ற அறிவும் இருக்கிறது. என் பழைய கொள்கைக்கு இந்த வாக்கியத்தைத் திருத்தமாகச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.

இடிபாட்டைப் பாடக்கூடாது என்பது என் வாதமில்லை. டீஃபோ நாவல்கள் எழுதுவதற்கு முன்பே, 1703ஆம் வருஷப் பெரும்புயலுக்குப் பிறகு பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து, கண்டவர்களிடமிருந்து கடிதங்கள் வாங்கி, 1704இல் 'தி ஸ்டார்ம்' என்று புத்தகம் போட்டார். விழுந்த புகைபோக்கிகள், முறிந்த மரங்கள், யார் எந்த அறையில் படுத்திருந்தார்கள் என்பது வரை அதில் இருக்கிறது. அவருடைய பிற்கால வசனத்தின் உறுதிக்கு வேர் அங்கேயும் இருக்கிறது என்பது என் எண்ணம். தமிழில் 1964க்கு அப்படியொரு புத்தகம் இருந்திருக்க வேண்டும். அதைச் செய்வதற்கு ஆராய்ச்சி நிதியோ இலாகாவோ வேண்டியதில்லை, ஒரு நோட்டும் நாலைந்து விடுமுறை நாட்களும் போதும்.

அன்று பத்து வயதாயிருந்தவர்களுக்கு இப்போது எழுபதுக்கு மேலாகிறது. காற்று எந்தத் திசையிலிருந்து எந்தத் திசைக்குத் திரும்பியது, எந்த மணல்மேடு நின்றது, யார் எதை எடுக்கத் திரும்பிப் போனார்கள் என்பதெல்லாம் இன்னும் அவர்களுக்கு ஞாபகமிருக்கிறது. கேட்டால் சொல்கிறார்கள். டிசம்பரில் நான்கு நாள் லீவு போட்டிருக்கிறேன். கூட வருகிறவர்கள் எழுதலாம்.